பொருள்: கடலோரத்தில் அலைகள் பயன்படுத்த அனுமதி கோருதல் – தொடர்பாக

1. மூன்று கேள்விகள்

ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் என் மேஜைக்கு வந்த தபாலில் மூன்று கேள்விகள் இருந்தன. ஒரு எழுத்துகூட மாற்றாமல் தருகிறேன்.

"(அ) மேற்படி அலைகள் மன்னார் வளைகுடாவிலிருந்து எடுக்கப்படுமா, பாக் நீரிணையிலிருந்து எடுக்கப்படுமா? (ஆ) நாளொன்றுக்குத் தேவைப்படும் அலைகளின் உத்தேச எண்ணிக்கை. (இ) பயன்பாட்டிற்குப் பின் மேற்படி அலைகள் கடலிலேயே திரும்ப விடப்படுமா என்ற விவரம்."

கீழே கையெழுத்து, முத்திரை எல்லாம் முறையாக இருந்தன. அனுப்பியது கடல் சம்பந்தப்பட்ட ஓர் அலுவலகம். ஏழு நாளில் பதில் வேண்டுமாம்.

நீங்கள் சிரிப்பீர்கள். நானும் இன்றைக்குச் சிரிக்கிறேன். அன்றைக்குச் சிரிக்க முடியவில்லை. அந்த 'மேற்படி அலைகளை' உண்டாக்கியவன் நான்தான்.

என் பெயர் முத்துக்கருப்பன். ஆர்.எஸ். மங்கலம் பக்கத்தில் விவசாயம் பார்க்கிற சம்சாரிக் குடும்பம். இராமநாதபுரத்தில் ஒரு மாவட்ட அலுவலகத்தில் எழுபத்து நாலில் இளநிலை உதவியாளராகச் சேர்ந்து, போன வருஷம் ஓய்வு பெற்றேன். எந்த அலுவலகம் என்று சொல்ல மாட்டேன். எனக்குத் தெரிந்தவர்கள் இன்னும் அங்கே உட்கார்ந்திருக்கிறார்கள். புதிதாக வேலைக்கு வருகிற பிள்ளைகள் படிக்கட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன். என் பெருமையைச் சொல்ல அல்ல. இதில் பெருமை கொள்ள ஒரு மண்ணும் கிடையாது.

2. அடித்துவிட்ட சொல்

இது நடந்தபோது இராமநாதபுரம் பஸ் ஸ்டாண்டு பக்கம் இரண்டு பிரவுசிங் சென்டர் வந்திருந்தன. செல்போன் வைத்திருப்பவர் அதைச் சட்டைப் பையில் வெளியே தெரிகிற மாதிரி வைத்திருந்த காலம்.

புதுமடத்தில் ஒரு தொண்டு நிறுவனம் பெண்களுக்கென்று ஒரு கம்ப்யூட்டர் சென்டர் ஆரம்பித்தது. ஊரில் பாதி வீட்டு ஆண்கள் வளைகுடா நாடுகளில் வேலை பார்க்கிறார்கள். மனைவிமார் அவர்களுக்கு ஈமெயில் போடலாம், கேமரா வழியாக முகம் பார்க்கலாம் என்பது திட்டம். நல்ல திட்டம். ஆனால் சென்டர் இருந்தது பெண்கள் புழங்கும் ஒரு சந்தில். டெலிபோன் லைன் இருந்ததோ இருநூறு மீட்டர் தள்ளி, ஜமாத் பள்ளிக்கூட ஆபீஸ் அறையில். இரண்டுக்கும் நடுவே ஒயர் இழுத்தார்கள். உப்புக் காற்றில் பச்சை பூத்து இற்றுவிட்டது. திரும்ப இழுத்தார்கள். அதை ஆடு கடித்தது. கடைசியில் ஒயரே வேண்டாம், பள்ளிக்கூடத்தில் ஒரு பெட்டி, சென்டரில் ஒரு பெட்டி, நடுவில் ரேடியோ அலை என்று முடிவு செய்தார்கள்.

அங்கேதான் சர்க்கார் வந்தது. காற்றில் போகிற அலை யாருக்கும் சொந்தமில்லை என்று நாம் நினைப்போம். அப்படி இல்லை. வயலைப் பாத்தி கட்டுகிற மாதிரி, இந்த அலைவரிசை ராணுவத்துக்கு, இது விமானத்துக்கு, இது டி.வி.க்கு என்று டெல்லியில் பிரித்து வைத்திருக்கிறார்கள். லைசென்ஸ் இல்லாமல் தொட்டால் குற்றம். இப்போது பேப்பரைத் திறந்தால் அலைக்கற்றை, அலைக்கற்றை என்று வருகிறது. அந்த வார்த்தை அன்றைக்கு எனக்குத் தெரிந்திருந்தால் இந்தக் கதையே இல்லை.

அந்த நிறுவனத்து இன்ஜினியர் சென்னையில் யாரையோ போய்ப் பார்த்திருக்கிறார். "கடலோரம் பாருங்க, எதிர்க்கரை இலங்கை. எதுக்கும் மாவட்டத்துல ஆட்சேபணை இல்லைன்னு ஒரு லெட்டர் வாங்கிருங்க" என்று அந்தச் சென்னை ஆள் வாயால் சொல்லிவிட்டார். எழுத்தில் எதுவும் இல்லை. அந்த 'எதுக்கும்' என்ற சொல்லை நம்பித்தான் மனு எங்களிடம் வந்தது. ஆங்கிலத்தில் ஒரு பக்கம், இணைப்பாக ஒரு கத்தைத் தாள்.

எங்கள் கண்காணிப்பாளர் காந்திமதியம்மாள். கண்டிப்பான அம்மாள். மனுவை என்னிடம் தள்ளினார்.

"முத்துக்கருப்பன், ஆட்சிமொழி ஆய்வுக்கு ஆளு வாராங்க. கோப்புல ஒரு இங்கிலீஷ் எழுத்து இருக்கக் கூடாது. பொருளைத் தமிழ்ல எழுதி நாளைக்கு வைங்க."

அலுவலகத்தில் மொழிபெயர்ப்பு என்றால் நான்தான். அந்தத் திமிர் எனக்கு உண்டு. 'கடலோரத்தில் வானொலி அலைகள் பயன்படுத்த அனுமதி கோருதல்' என்று எழுதினேன். எழுதிவிட்டுத் திரும்பப் படித்தேன். 'வானொலி' உறுத்தியது.

காரணம் உண்டு. நான் சின்னவனாக இருந்தபோது வீட்டில் ரேடியோ வைத்திருக்கவே தபாலாபீசில் லைசென்ஸ் எடுக்க வேண்டும். என் அய்யா ஒரு வருஷம் அதைப் புதுப்பிக்க மறந்துவிட்டார். பிடித்துப்போய்விடுவார்கள் என்று பயந்து ரேடியோவை நெல் குதிருக்குள் வைத்து, தலையையும் குதிருக்குள் விட்டுக்கொண்டு செய்தி கேட்டார். ரேடியோ என்றாலே போலீஸ் என்று என் ரத்தத்தில் ஊறியிருந்தது. அதிலும் இது கடலோரம். மேலே இருப்பவர் 'வானொலி' என்று பார்த்ததும், யாரோ ரகசியமாக ரேடியோ ஸ்டேஷன் நடத்தப்போகிறார்கள் என்று பதறி, கோப்பை மதுரை, சென்னை, டெல்லி என்று சுற்றவிடுவார். பாவம், பெண்கள் காரியம், சீக்கிரம் முடியட்டும் என்று நினைத்தேன். என் மூளையை உபயோகித்து 'வானொலி' என்ற சொல்லை அடித்தேன்.

'கடலோரத்தில் அலைகள் பயன்படுத்த அனுமதி கோருதல்' என்று ஆகிவிட்டது. படிக்க அழகாகவும் இருந்தது. காந்திமதியம்மாள் கையெழுத்துப் போட்டார். தபால் பிரிவில் இருந்தவர் கடலையும் அலையையும் பார்த்தார், கடல் அலுவலகத்துக்கு அனுப்பிவைத்தார். அவரைக் குற்றம் சொல்ல முடியாது.

3. ஆம்

கேள்விகள் வந்த அன்றைக்கே நான் எழுந்து போய், "அம்மா, ஒரு சொல் விட்டுப்போச்சு" என்று சொல்லியிருக்கலாம். ஐந்து நிமிஷ வேலை. ஏன் சொல்லவில்லை? எங்கள் அலுவலகத்தில் எண் போட்ட கோப்பின் பொருளைத் திருத்தினால் ஏன் திருத்தினாய் என்று விளக்கம் கேட்பார்கள். விளக்கம் சரியில்லை என்றால் 17(அ). புதியவர்களுக்குச் சொல்கிறேன், ஒழுங்கு நடவடிக்கையில் அது சின்னது. ஆனால் அது நிலுவையில் இருந்தால் பதவி உயர்வுப் பட்டியலில் பெயர் வராது. இருபத்தொன்பது வருஷம் கழித்து என் பெயர் அந்தப் பட்டியலில் வரவிருந்தது.

ஆகவே பதில் எழுதினேன். "(அ) மன்னார் வளைகுடா. (ஆ) தேவைக்கேற்ப. (இ) ஆம்."

'ஆம்' என்று எழுதிவிட்டு டீ குடிக்கப் போனேன். இப்போது நினைத்தால் அதுதான் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

என் 'ஆம்' அங்கே ஒருவரைக் கவலைக்குள்ளாக்கியது. அடுத்த கடிதம் வந்தது. "திரும்ப விடப்படும் அலைகளால் பவளப்பாறைகளுக்குச் சேதம் ஏற்படாது என்று உறுதிமொழி பெறப்பட வேண்டும்." அதற்கும் பதில் எழுதினேன். அதற்கடுத்த கடிதம், நேரில் தல ஆய்வு செய்யப்படும் என்றது. எல்லோரும் அவரவர் வேலையைச் சிரத்தையாகச் செய்தார்கள். ஒருவர்கூட இது என்ன அலை என்று கேட்கவில்லை. கேட்டால் தெரியாதவர் என்று ஆகிவிடும்.

4. இடுப்பிலேயே இருந்த பிள்ளை

திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாள். அந்தக் கடிதப் போக்குவரத்து தொடங்கிய சமயத்தில் ஒரு பெண் என் மேஜைக்கு வந்தது. இருபத்து நாலு, இருபத்தைந்து வயது இருக்கும். கறுப்பு அங்கி, இடுப்பில் ஒரு பெண் குழந்தை. பெயர் ரஹ்மத். சென்டரைப் பார்த்துக்கொள்வது அந்தப் பெண்தான்.

"சார், புதுமடத்துல இருந்து வாரேன். பொட்டிக்குப் பெர்மிஷன் வந்துருச்சா?"

"பரிசீலனையில இருக்கும்மா. என்ன அவசரம்?"

ரஹ்மத் இடுப்பைச் சற்றுத் திருப்பிக் குழந்தையைக் காட்டியது. "இவதான் சார் அவசரம். பேரு ஆயிஷா. நான் ஏழு மாசமா இருக்கைல இவ வாப்பா ரியாத்துக்குப் போனாக. பிள்ளைய போட்டோவுல பாத்ததோட சரி. பொறந்ததப் பாக்கல, கவுந்ததப் பாக்கல, மொத எட்டு வைக்கிறதையாவது எனக்குக் காமிச்சிரு ரஹ்மத்துன்னு அழுதாக சார். இப்ப செவத்தப் பிடிச்சு நிக்கிறா. நடக்குறதுக்குள்ள கெடைச்சிருமா?"

"கிடைச்சிரும்மா" என்றேன்.

"ராம்நாட்டுலயே பிரவுசிங் சென்டர் இருக்கே, அங்க காமிக்கலாமே" என்றும் கேட்டேன். பொறுப்பைத் தள்ளிவிடுகிற புத்தி.

"அங்கன பூராம் பயலுக சார். பலகை வச்சு மறைச்சு இருட்டா கெடக்கு. மாமி விடாது. போய்ப் பாத்தோம், கேமராவும் இல்ல."

அதன் பிறகு திங்கட்கிழமை தவறாமல் ரஹ்மத் வந்தது. எனக்கு வாராவாரம் குழந்தையின் நிலவரம் தெரிந்தது. ஒரு வாரம் கையை விட்டுவிட்டு நிற்கிறாள். அடுத்த வாரம் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு போகிறாள். கோப்பு நகரவில்லை, பிள்ளை நகர்ந்தது.

மூன்றாம் மாதம் ஒரு விஷயம் கவனித்தேன். குழந்தையை ரஹ்மத் கீழே இறக்குவதே இல்லை. மனு எழுதும்போதுகூட இடுப்பில். கை வலித்தால் கூட வந்த நாத்தனார் வாங்கி இடுப்பில் வைத்துக்கொண்டது.

"ஏம்மா, பிள்ளையக் கீழ விடேன். கனக்கும்ல" என்றேன்.

"எறக்குனா நடந்துருவா சார். அதான் தெருவே சேந்து தூக்கி வச்சிருக்கோம். காலைல மாமி, பெறகு நாத்தனா, மத்தியானம் அடுத்த வீட்டு பீமா லாத்தா. தூங்குறப்ப மட்டுந்தான் தரையில போடுறது."

"அது தப்பும்மா. பிள்ளை நடக்குறதத் தடுக்கலாமா?"

"தடுக்கல சார். ஒத்தி வச்சிருக்கோம். நீங்கதான போன வாரம் சொன்னீக, ஆய்வ ஒத்தி வச்சா ரத்து ஆகாதுன்னு."

நான் குனிந்து, என் கோப்புகளைக் குறித்துவைக்கிற தன்பதிவேட்டைப் புரட்டினேன். அதில் பார்க்க ஒன்றும் இல்லை.

5. அலைகள் போதிய அளவில் இல்லை

தல ஆய்வுக்குக் கடல் அலுவலகத்திலிருந்து ஓர் ஆய்வாளர் வந்தார். துணைக்கு என்னை அனுப்பினார்கள். புதுமடம் கரையில் அளவுகோல் கம்பு, நோட்டுப் புத்தகம் சகிதம் அவர் நின்றார். கடல் எண்ணெய் ஊற்றிய மாதிரிக் கிடந்தது. அந்த மாதத்தில் மன்னார் வளைகுடா அப்படித்தான் கிடக்கும்.

ரஹ்மத் ஓடிவந்து, "சார், பொட்டி அங்கன இருக்கு. வந்து பாருங்க" என்று கூப்பிட்டது.

"பெட்டி தனி சப்ஜெக்ட்மா. நான் வந்தது அலையப் பாக்க" என்றார் அவர்.

வலை உலர்த்திக்கொண்டிருந்த ஒருவர் பக்கத்தில் வந்தார். அறுபது வயது இருக்கும். "என்ன சார் பாக்குறீக?"

"அலை."

அவர் கடலைப் பார்த்தார், கம்பைப் பார்த்தார், என்னையும் ஒரு தரம் பார்த்தார். "இப்ப எங்க சார் அலை? கச்சான் காத்துக்கு வாங்க. அள்ள அள்ள வரும்."

கச்சான் என்றால் தென்மேற்குப் பருவக்காற்று. ஆய்வாளர் அதை அப்படியே குறித்துக்கொண்டார். அறிக்கை வந்தது: "ஆய்வின்போது அலைகள் போதிய அளவில் இல்லை. கச்சான் பருவம் தொடங்கும்வரை இக்கோரிக்கையை ஒத்திவைக்கலாம்."

அடுத்த திங்கட்கிழமை ரஹ்மத் வந்தபோது முகமே சரியில்லை.

"சார், சென்டர் வச்ச நிறுவனத்துல இருந்து சொல்லிட்டாக. இந்த மாசக் கடைசிக்குள்ள பெர்மிஷன் இல்லைன்னா கம்ப்யூட்டரு, பொட்டி எல்லாத்தையும் வேற மாவட்டத்துக்குத் தூக்கிருவாகளாம். எனக்கு வேலையும் போயிரும். இவ வாப்பா லீவுல வாரதுக்கு இன்னும் ஒண்ணரை வருசம் கெடக்கு. என்ன சார் செய்யட்டும்?"

"கண்காணிப்பாளர் அம்மாவப் பாரு" என்று கையைக் காட்டினேன். அன்றைக்கு நாத்தனார் வரவில்லை. காந்திமதியம்மாள் அறை வாசலில் நல்ல கூட்டம், தள்ளுமுள்ளு. குழந்தைக்கு அடிபடும் என்று பயந்து, ரஹ்மத் அதை என் மேஜைக்கு எதிர் பெஞ்சில் உட்காரவைத்து, "ஒரு நிமிசம் பாத்துக்கங்க சார், எறங்க விட்டுறாதீக" என்று சொல்லிவிட்டுப் போய் வரிசையில் நின்றது. முதுகு இந்தப் பக்கம்.

நான் குழந்தையைப் பார்த்தேன். அது என் மேஜையில் இருந்த சிவப்பு மை ரப்பர் ஸ்டாம்பைப் பார்த்தது. நான் பேனாவை மூடிவைத்து எழுவதற்குள் வழுக்கி இறங்கிவிட்டது. பெஞ்சை விட்டது. ஒரு எட்டு. நின்றது. இன்னொரு எட்டு. என் மேஜைக் காலைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்துச் சிரித்தது.

அதுதான் முதல் எட்டு. மூன்று மாதமாக ஒரு தெருவே கைமாற்றிக் கைமாற்றி இடுப்பு நோகத் தூக்கிவைத்து ரியாத்தில் இருக்கிறவனுக்காகப் பத்திரப்படுத்திய எட்டு. அதைப் பார்த்தது நான். நான் பட்டியலுக்குப் பயந்து ஒரு சொல்லை மறைத்த ஆள்.

குழந்தையைத் தூக்கிப் பழையபடி பெஞ்சில் வைத்தேன். சுற்றிலும் பார்த்தேன். யாரும் கவனிக்கவில்லை. ரஹ்மத் திரும்பி வந்தது. "எறங்கலயே சார்?" என்று கேட்டது.

"இல்லம்மா" என்றேன்.

6. இணைப்பு மூன்று

அன்றைக்கு மத்தியானம் நான் சாப்பிடப் போகவில்லை. கோப்பை எடுத்து முதல் தாளிலிருந்து படித்தேன். மனுவோடு வந்த கத்தையை நான் அதுவரை புரட்டியதே இல்லை. பொடி எழுத்து ஆங்கிலம். முகப்புக் கடிதத்தை மட்டும் மொழிபெயர்த்துவிட்டுக் கத்தையை நூல் போட்டுக் கட்டியிருந்தேன்.

இணைப்பு மூன்று, டெல்லி அறிவிக்கை. அந்தப் பெட்டிகள் வேலை செய்கிற அலைவரிசையில், குறைந்த சக்தியில், ஒரே தொடர்ச்சியான வளாகத்துக்குள் பயன்படுத்தினால் லைசென்ஸ் தேவையில்லை என்று அதில் இருந்தது. லைசென்ஸே வேண்டாம் என்றால் எங்கள் கடிதமும் வேண்டாம். இத்தனை மாதமாக அந்தத் தாள் என் மேஜையிலேயே கிடந்திருக்கிறது.

அறிவிக்கையை எடுத்துக்கொண்டு காந்திமதியம்மாளிடம் போனேன். அப்போதுகூட அந்த ஒரு சொல்லைப் பற்றி வாய் திறக்கவில்லை. வளாகத்தைப் பற்றி மட்டும் சொன்னேன்.

அம்மாள் இரண்டு தரம் படித்தார். "பள்ளிக்கூடம் ஒரு பக்கம் இருக்கு, சென்டர் ஒரு பக்கம் இருக்கு. நடுவுல சந்து, தோப்பு, வீடு. இது எப்படிய்யா ஒரே வளாகம்?"

"இடம் முழுக்க ஜமாத்துக்குச் சொந்தம்மா. தோப்பும் அவங்களுதுதான். அந்த ஆறு வீடும் ஜமாத் மனையிலதான் இருக்கு."

"சொந்தம்னா போதாது. வளாகம்னா சுற்றுவேலி இருக்கணும், கேட் இருக்கணும், போர்டு இருக்கணும். இருந்தா நான் வந்து பாத்து எழுதித் தாரேன். அந்த லெட்டரக் காட்டி அவங்களே நடத்திக்கிறட்டும்."

அன்று மாலையே புதுமடத்துக்குப் பஸ் ஏறினேன். ஜமாத் தலைவரிடம் விவரத்தைச் சொன்னேன். அவர் தாடியைத் தடவினார்.

"சுவர் எழுப்ப மாசக் கணக்காகும் சார். வேலி எதுல இருக்கணும்னு சட்டத்துல போட்டிருக்கா?"

"போடல."

"அப்பச் சரி. நம்ம ஊர்ல இல்லாததா."

இரண்டு நாளில் வேலி எழும்பியது. பழைய மீன் வலைகள். கிழிந்தது, இற்றது, பச்சை, நீலம் என்று வீட்டுக்கு வீடு கிடந்தவற்றை எல்லாம் கொண்டுவந்து, தென்னை மரங்களிலும் நட்ட கம்புகளிலும் கட்டி, பள்ளிக்கூடத்திலிருந்து சென்டர்வரை சுற்றி வளைத்துவிட்டார்கள். சந்து, தோப்பு, ஆறு வீடு, ஒரு கிணறு, இரண்டு கோழிக்கூடு எல்லாம் உள்ளே. ஓர் உடைந்த வள்ளத்தின் பலகைகளை அடித்துக் கேட் செய்தார்கள். மேலே போர்டு: 'வளாகம்'. அவ்வளவுதான். எந்த வளாகம் என்று எழுத இடம் போதவில்லை.

காந்திமதியம்மாள் வந்தார். கேட்டைத் திறந்து உள்ளே போனார். மீன்காரர் ஒருவர் சைக்கிளோடு நின்று, "வளாகத்துக்குள்ள வரலாமாம்மா?" என்று அனுமதி கேட்டார்.

"இந்த ஆறு வீடும் வளாகத்துக்குள்ளதானா?" என்று அம்மாள் கேட்டார்.

"குவார்ட்டர்ஸும்மா" என்றார் ஜமாத் தலைவர்.

"இந்த ஆடு?"

தலைவர் ஆட்டை ஒரு தரம் பார்த்தார். "அது விசிட்டரும்மா" என்றார்.

அம்மாள் சிரிக்கவில்லை. வேலியைச் சுற்றி முழுதாக ஒரு நடை நடந்தார். வலையை இழுத்துப் பார்த்தார். "தொடர்ச்சியாத்தான் இருக்கு" என்று சொல்லி அங்கேயே ஒரு கோழிக்கூட்டின் மேல் தாளை வைத்து எழுதிக் கொடுத்தார்.

அலுவலகத்துக்குத் திரும்பிப் பழைய கோப்பை முடித்தேன். "மேற்படி அலைகள் தற்போது தேவைப்படவில்லை என மனுதாரர் தெரிவித்ததால் கோப்பு முடிக்கப்படுகிறது. ப.மு." பத்தாண்டு முடிவு என்று அர்த்தம். பத்து வருஷம் அது பதிவறையில் பாதுகாக்கப்படும். என் பெயர் பட்டியலில் வந்தது.

7. சாட்சி

இணைப்பு கொடுத்த வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்ததும் வரச் சொல்லி ரஹ்மத் ஆள் அனுப்பியது. "நீங்க இல்லைன்னா இது நடந்திருக்காது சார், கண்டிப்பா வரணும்" என்று செய்தி. போகாமல் இருந்தால் தப்பு, போனால் அதைவிடத் தப்பு. போனேன். எப்படியாவது ரஹ்மத்திடம் உண்மையைச் சொல்லிவிடலாம் என்றும் நினைத்துக்கொண்டுதான் போனேன்.

சின்ன அறை. தெருப் பெண்கள் அத்தனை பேரும் உள்ளே. என்னைக் கண்டதும் முக்காட்டைச் சரிசெய்துகொண்டு ஓரத்தில் ஒரு நாற்காலி போட்டார்கள். திரையில் ரஹ்மத்தின் கணவன் காதர் தெரிந்தான். ஒல்லியான பையன். காதில் மாட்டுகிற ஸ்பீக்கரோடு கண்ணைச் சிமிட்டாமல் உட்கார்ந்திருந்தான். சிமிட்டவில்லை என்றால் படம் நகரவில்லை என்று அர்த்தம். டெலிபோன் லைனில் அவ்வளவுதான் வரும். ஒரு படம் வந்து நிற்கும், பிறகு அடுத்த படம் வரும்.

ரஹ்மத் குழந்தையைக் கேமராவுக்கு முன்னால் இறக்கியது. குழந்தை நின்றது. பொத்தென்று உட்கார்ந்தது. தூக்கி நிறுத்தினார்கள். திரும்ப உட்கார்ந்தது. மூன்று மாதம் தரையில் விடாமல் வைத்திருந்து இன்றைக்கு நட என்றால் அது என்ன செய்யும்?

"கிலுக்கு ஆட்டுங்கடி" என்றது மாமி, காதரின் தாயார். ஆட்டினார்கள். நடக்கவில்லை.

ரஹ்மத் என்னைப் பார்த்தது. "சார், நீங்க அந்த செவத்தோரமா நில்லுங்க. உங்கள ஆபீஸ்ல வாராவாரம் பாத்திருக்கா. உங்ககிட்ட வருவா."

எழுந்து போய் நின்றேன். வேறு என்ன செய்ய முடியும்? குழந்தை என்னைப் பார்த்தது. அடையாளம் தெரிந்துவிட்டது. நேராக என்னை நோக்கி நடந்தது. இரண்டு எட்டு அல்ல, ஆறு ஏழு எட்டு. வந்து என் வேட்டியைப் பிடித்துக்கொண்டது.

திரையில் அவனுக்கு என்ன தெரிந்திருக்கும் என்று எனக்குத் தெரியும். ஒரு படத்தில் குழந்தை அங்கே, அடுத்த படத்தில் இங்கே. நடுவில் நடந்தது எதுவும் போயிருக்காது.

"நடந்துட்டாளா ரஹ்மத்? நடந்துட்டாளா?" ஸ்பீக்கரில் குரல் கரகரத்தது.

"நடந்துட்டா" என்று அறையே சொன்னது. மாமி அழுதது. பீமா லாத்தா இரண்டு கையாலும் தன் இடுப்பைப் பிடித்துக்கொண்டு, "அல்ஹம்துலில்லாஹ், இனி எனக்கு முதுகு நோகாது" என்றது.

அவன் நம்ப முடியாதவன் போலத் திரும்பக் கேட்டான். "இதான் மொதத் தடவையா? எனக்காகச் சும்மா சொல்லலயே?"

"சத்தியமா மொதத் தடவைங்க. தெருவுல யாரும் தரையில விடல. வேணும்னா ஆபீஸ் சாரக் கேளுங்க, அவுக இங்கனதான் நிக்கிறாக. வாராவாரம் பாத்தவுக." ரஹ்மத் மைக்கை என் பக்கம் நீட்டியது. "சொல்லுங்க சார்."

வேலைக்கு வந்திருக்கிற பிள்ளைகளுக்குச் சொல்கிறேன். பொருள் வரியில் ஒரு சொல் விட்டுப்போனால் அன்றைக்கே குறிப்பு வைத்துவிடுங்கள். விளக்கம் கேட்பார்கள், கொடுங்கள். 17(அ) வந்தால் வாங்கிக்கொள்ளுங்கள், பட்டியல் அடுத்த வருஷமும் வரும். நான் வைக்கவில்லை. முப்பத்து நாலு வருஷத்தில் கோப்பில் நான் எழுதிய பொய்கள் நிறைய. அவற்றுக்கெல்லாம் கீழே கண்காணிப்பாளர் கையெழுத்தும் இருக்கும். யார் கையெழுத்தும் இல்லாமல் நான் சொன்ன பொய் ஒன்றே ஒன்று, அதையும் இரண்டு தரம் சொன்னேன்.

குழந்தை வேட்டியை விடவில்லை. மைக்கைக் கையில் வாங்கினேன்.

"ஆமா தம்பி" என்றேன். "மொதத் தடவைதான்."